வெள்ளைக் காலஸிலிருந்து மருந்துவரை: திசு வளர்ப்பில் மூலிகை வேதிப்பொருள் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

செடியின் துண்டைக் கிருமியில்லாத ஊடகத்தில் வளர்க்கும் திசு வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்களில் பலர் முதல் ஆண்டில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். தட்டில் காலஸ் (உருவமற்ற செல் திரள்) வெள்ளை வெளேரென்று, நான்கு வாரத்தில் பல மடங்கு பெருத்து, பார்க்கவே மனம் நிறைகிற மாதிரி வளர்ந்திருக்கும். அதை உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றினால், தேடும் பொருளைக் காட்டும் பீக் (கோட்டின் முகடு) எதிர்பார்த்த நேரத்தில் வராது. கோடு தரையோடு தரையாக ஓடும். எனக்கு அமுக்கராவில் அப்படித்தான் ஆனது. ஆறு மாதம் காலஸைப் பெருக்கிய பிறகே அளந்து பார்த்தேன். முதல் மாதமே அளந்திருந்தால் ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும்.

செல் பெருகுவது ஒரு வேலை, மருந்துப் பொருளைச் செய்வது இன்னொரு வேலை. செடி அல்கலாய்டு, டெர்பீன் போன்ற தன் மருந்துப் பொருளை நமக்காகச் செய்வதில்லை. பூச்சி கடிக்கும்போது, பூஞ்சை நுழையும்போது, வெயில் காயும்போது, அதற்கென்று அமைந்த திசுவில், தன் தற்காப்புக்காகச் செய்கிறது. சர்க்கரையும் நைட்ரஜனும் தாராளமாகக் கிடைக்கும் கிருமியில்லாத குடுவைக்குள் அந்தத் தேவை இல்லை. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: இந்தப் பொருளைச் செடி எங்கே, எப்போது, எதற்காகச் செய்கிறது?

படி 1: ஆய்வகத்துக்குள் போகுமுன் செடியைப் படியுங்கள்

ஹயோசயமின், ஸ்கோப்போலமின் போன்ற டிரோபேன் அல்கலாய்டுகள் ஊமத்தையின் இலையில் நிறைய இருக்கும். ஆனால் அவை உருவாவது வேரில். அங்கிருந்து சாற்றோடு மேலேறி இலையில் சேர்கின்றன. இது தெரியாமல் இலையில் காலஸ் எடுத்தால் கிடைப்பது சொற்பமே.

நித்தியகல்யாணியின் கதை இன்னும் சிக்கலானது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்பிளாஸ்டின், கதரந்தின், வின்டோலின் என்ற இரண்டு துண்டுகள் சேர்ந்த மூலக்கூறு. இதன் பாதையில் முதல் படிகள் இலை நரம்பை ஒட்டிய செல்களிலும், நடுப்படிகள் மேல்தோல் செல்களிலும், வின்டோலினின் கடைசிப் படிகள் பால்செல், இடியோபிளாஸ்ட் என்ற தனிச்செல்களிலும் நடக்கின்றன. வெளிச்சமும் வேண்டும். உருவமற்ற காலஸில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. அஜ்மலிசின், செர்பென்டின், கதரந்தின் ஆகியவற்றைச் செல் வளர்ப்பில் எடுத்துவிடலாம், ஆனால் வின்டோலின் கிடைக்காது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படுகிறது என்பதால் எத்தனையோ பேர் இதில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். கடைசியில் 2022ல் இரண்டு துண்டுகளையும் ஈஸ்டில் செய்து பின்னர் இணைத்துக் காட்டியபோது, திசு வளர்ப்பு முட்டி நின்ற இடத்துக்கு வேறு வழி திறந்தது.

இதற்கு நேர்மாறாக, ஷிகோனின், யூ மரத்தின் புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சல், பெர்பெரின், ரோஸ்மரினிக் அமிலம், ஜின்செனோசைடுகள் ஆகியவை உருவமற்ற செல்களிலேயே நல்ல அளவில் உருவாகின்றன.

இதிலிருந்து பாதை தானாகப் பிரியும். வேரில் உருவாகும் பொருள் என்றால் வேர் வளர்ப்பு. நீர்ப்பிரம்மியின் பக்கோசைடுபோல இலையிலும் தண்டிலும் உருவாவது என்றால் தளிர் வளர்ப்பு. செல் எதுவானாலும் செய்யும் என்றால் திரவத்தில் செல் வளர்ப்பு. அமுக்கராவிலேயே விதஃபெரின் ஏ இலையில் அதிகம், விதனோலைடு ஏ வேரில் அதிகம். ஒரே செடி, ஆனால் நீங்கள் தேடும் மூலக்கூறைப் பொறுத்து வழி மாறிவிடும்.

தாய்ச்செடியையும் அளந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே இனத்தின் பத்துச் செடிகளில் பொருளின் அளவு பல மடங்கு வேறுபடலாம். உயர்ந்த செடியிலிருந்து எடுத்த செல்லுக்கு உயர்ந்து விளையும் வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை. பெயர்க் குழப்பமும் உண்டு. பிரம்மி என்ற பெயரில் நீர்ப்பிரம்மியும் வழங்குகிறது, வல்லாரையும் வழங்குகிறது. இரண்டின் வேதியியலும் வேறு. தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டி, உலர்மாதிரி ஒன்றைப் பதிந்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: ஊடகம்

அறை, கருவிகள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லேமினார் ஃப்ளோ (வடித்த காற்று வீசும் மேடை), ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்), பிஎச் மீட்டர், நான்கு தசமம் காட்டும் தராசு, ஷேக்கர், 25 டிகிரியில் நிற்கும் வளர்ப்பறை. இவை போதும். பொருளை அளக்க எச்.பி.எல்.சி. பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது கேட்டால் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

செல்லுக்கு உணவான ஊடகத்தில் பெரும்பாலோர் தொடங்குவது 1962ல் முராஷிகேயும் ஸ்கூக்கும் வெளியிட்ட எம்.எஸ். ஊடகத்தில். ஒரு லிட்டருக்கு அம்மோனியம் நைட்ரேட் 1,650 மி.கி., பொட்டாசியம் நைட்ரேட் 1,900 மி.கி., கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 440 மி.கி., மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 370 மி.கி., பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 170 மி.கி. இவற்றோடு நுண்சத்துகள், இரும்பு, வைட்டமின், மயோ இனோசிட்டால் 100 மி.கி., சுக்ரோஸ் 30 கிராம். பிஎச் 5.7 அல்லது 5.8. திடமாக வேண்டுமென்றால் அகார் 7 முதல் 8 கிராம். இந்த அம்மோனியம் நைட்ரேட் அளவை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். 1968ல் வந்த காம்போர்க்கின் பி5 ஊடகத்தில் அம்மோனியம் மிகக் குறைவு, நைட்ரேட் அதிகம். வேர் வளர்ப்புக்கும் சில செல் வளர்ப்புக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது.

ஹார்மோன் ஸ்டாக் (அடர் கரைசல்) செய்யும்போது ஆக்சின் வகையான 2,4-டியைச் சிறிது எத்தனாலிலும், சைட்டோகைனின் வகையான பி.ஏ.பி., கைனட்டின் ஆகியவற்றைச் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடிலும் கரைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். நேரே தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் நிற்கும். நீங்கள் ஊற்றும் அளவு ஏட்டில் ஒன்றாகவும் குடுவையில் வேறாகவும் இருக்கும்.

ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். இது சிறிய குடுவைக்கான கணக்கு. ஒரு லிட்டர் பாட்டிலின் நடுப்பகுதி சூடேறவே நேரம் பிடிக்கும், அதற்கு நேரத்தைக் கூட்டுங்கள். ஆன்டிபயாட்டிக், ஜிப்ரலிக் அமிலம், மெத்தில் ஜாஸ்மோனேட் போன்றவற்றை ஆட்டோகிளேவில் வைக்காமல், 0.22 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் வடித்து, ஊடகம் ஆறிய பிறகு சேர்ப்பது நல்லது.

படி 3: கிருமி இல்லாத துண்டு

முடிந்தவரை விதையிலிருந்து தொடங்குங்கள். விதையைக் கிருமி நீக்கி, குடுவைக்குள்ளேயே முளைக்கவைத்து, மூன்று நான்கு வார நாற்றிலிருந்து துண்டு எடுத்தால் பாதித் தலைவலி தீர்ந்தது. தாய்ச்செடியின் குணம் அப்படியே வேண்டும் என்றால்தான் வெளியில் வளர்ந்த இலையையோ கணுவையோ நாட வேண்டியிருக்கும்.

ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம் கழுவி, சோப்புக் கரைசலில் அலசி, 70 சதவீத எத்தனாலில் 30 முதல் 60 விநாடி வைத்து, 1 முதல் 2 சதவீதக் குளோரின் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ட்வீன் 20 என்ற நனைப்பானை இரண்டு சொட்டு சேர்த்து 10 முதல் 15 நிமிடம் ஆட்ட வேண்டும். பிறகு ஆட்டோகிளேவ் செய்த தண்ணீரில் நான்கைந்து முறை அலசுங்கள். மெர்குரிக் குளோரைடு 0.1 சதவீதம் என்று பழைய நெறிமுறைகளில் பார்ப்பீர்கள். வேலை செய்யும், ஆனால் பாதரசக் கழிவைச் சிங்க்கில் ஊற்ற முடியாது, ஊற்றவும் கூடாது. வேறு வழி இருக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

மேலே சுத்தமாக இருந்தாலும் திசுவுக்குள் வாழும் பாக்டீரியா உண்டு. திட ஊடகத்தில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு, திரவத்துக்கு மாற்றிய மூன்றாம் நாள் குடுவை முழுவதையும் கலங்கவைத்துவிடும். திரவத்துக்குப் போகுமுன் காலஸில் ஒரு சிட்டிகையைப் பாக்டீரியா வளர்க்கும் ஊடகத்தில் தேய்த்து இரண்டு நாள் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஒரு மாதத்தைக் காப்பாற்றும்.

படி 4: காலஸ் எடுப்பது, அதில் வரி பிரிப்பது

ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரு ஹார்மோன்களும் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அதைப் பொறுத்து வேரா, தளிரா, காலஸா என்பது முடிவாகிறது என்று 1957ல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலையில் காட்டினார்கள். இன்றுவரை நாம் திருகுவது அந்த ஒரு திருகைத்தான். காலஸுக்கு 2,4-டி லிட்டருக்கு 1 மி.கி., கைனட்டின் 0.1 முதல் 0.5 மி.கி. என்று தொடங்கலாம். 2,4-டிக்குப் பதில் என்.ஏ.ஏ. என்ற இன்னொரு ஆக்சினை வைத்து ஒரு வரிசையும் கூடவே போடுங்கள். காரணம், 2,4-டி செல்லை வேகமாகப் பெருக்கும், பல செடிகளில் மருந்துப் பொருள் உருவாவதை அதுவே அடக்கும்.

துண்டு பழுப்பேறினால் ஃபீனால் கசிகிறது என்று பொருள். இருட்டில் வைப்பது, முதல் வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றுவது, அஸ்கார்பிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் சேர்ப்பது ஆகியவை உதவும். செயலூட்டிய கரியும் உதவும், ஆனால் அது ஹார்மோனையும் உறிஞ்சிக்கொள்ளும்.

மூன்று நான்கு வாரத்தில் காலஸ் வரும். எல்லாம் ஒன்றுபோல இருக்காது, கண்ணால் பார்த்தே பிரிக்கலாம். கெட்டியாக, பச்சையாக, கத்தி இறங்காததுபோல ஒன்று. ஈரமாகக் கசிந்து கண்ணாடிபோல் தெரிகிற ஒன்று. நுனியால் தொட்டால் ஈரமணல்போல் உதிர்கிற வெளிர்மஞ்சள் ஒன்று. திரவத்துக்கு வேண்டியது அந்த உதிரிக் காலஸ்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் உதிரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் நான்கைந்து சுற்றில் முழுக்க உதிரியாகிவிடும்.

எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். காலஸ் கிடைத்ததும் மொத்தமாகச் சேர்த்துப் பெருக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே துண்டிலிருந்து வந்த காலஸுக்குள்ளேயே செல்லுக்குச் செல் விளைச்சல் மாறும். காலஸைப் பட்டாணியளவு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, தனித்தனி வரியாக (ஒரே துண்டிலிருந்து வழிவந்த செல் கூட்டமாக) வளருங்கள். நிறமுள்ள பொருளாக இருந்தால் வேலை எளிது. ஷிகோனின் சிவப்பு, பெர்பெரின் மஞ்சள். நிறம் அடர்ந்த பகுதியைக் கத்தியால் எடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகலாம். நிறமற்ற பொருள் என்றால் ஒவ்வொரு வரியையும் இரண்டாகப் பிளந்து, பாதியை வளர்ப்புக்கும் பாதியைப் பிரித்தெடுத்து அளக்கவும் வையுங்கள். 40 வரி அளந்தால் இரண்டு மூன்று தேறும். அந்த இரண்டு மூன்றுக்காகத்தான் அந்த 40. ஊடகத்தைத் திருத்தி எவ்வளவு கூட்டினாலும், மோசமான வரியில் தொடங்கியதை ஈடுகட்ட முடிவதில்லை.

படி 5: திரவத்துக்கு மாற்றுவது

250 மி.லி. ஃபிளாஸ்க்கில் 50 மி.லி. திரவ ஊடகம், அதில் 3 முதல் 5 கிராம் உதிரிக் காலஸ், ஷேக்கர் நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்று, இருட்டு, 25 டிகிரி. ஃபிளாஸ்க்கை நிரப்ப வேண்டாம், மேலே காற்றுக்கு இடம் வேண்டும். ஒரு வாரம் கழித்து 300 முதல் 500 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் வடித்து, பெரிய கட்டிகளை ஒதுக்கிவிட்டு, சிறு கொத்துகளைப் புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். மூன்று நான்கு சுற்றில் சீராகும்.

மாற்றும்போது விதை அளவு, அதாவது புது ஊடகத்தில் இடும் பழைய வளர்ப்பின் அளவு, குறையக் கூடாது. தாவரச் செல் தனியாக வாழப் பிடிக்காத உயிர். அடர்த்தி ஓர் அளவுக்குக் கீழே போனால் பிளவுறாமல் அப்படியே நின்றுவிடும். மொத்தக் கனஅளவில் 10 முதல் 20 சதவீதம் பழைய வளர்ப்பு என்பது பாதுகாப்பான தொடக்கம்.

பிறகு வளர்ச்சிக் கோடு போடுங்கள். ஒரே நாளில் 30 ஃபிளாஸ்க் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று ஃபிளாஸ்க்கை நிறுத்தி, ஈர எடை, உலர் எடை, மீதிச் சர்க்கரை, மருந்துப் பொருள் ஆகிய நான்கையும் அளக்க வேண்டும். ஈவான்ஸ் ப்ளூ சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இறந்த செல் மட்டும் நீலமாகும். இந்த ஒரு சோதனைக்கு நிறைய உழைப்பு தேவை, ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் பின்னால் இருட்டில் தடவுகிறார்கள். பல வளர்ப்புகளில் எடை ஏறி முடிந்த பிறகே பொருள் ஏறத் தொடங்கும். அந்த நாள் எது என்று தெரிந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

படி 6: பெருக்க ஓர் ஊடகம், விளைவிக்க ஓர் ஊடகம்

தாவரச் செல் வளர்ப்பிலிருந்து முதலில் வணிகத்துக்கு வந்த பொருள் ஷிகோனின். லித்தோஸ்பெர்மம் என்ற செடியின் வேரிலிருந்து கிடைக்கும் சிவப்புச் சாயம், காயத்துக்கு மருந்து. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தபாட்டாவின் குழு அந்தச் செல்களை ஆராய்ந்தது. வளர்ச்சிக்கு உதவிய அம்மோனியம் ஷிகோனினை நிறுத்திவிட்டது. வெளிச்சம் நிறுத்தியது, 2,4-டி நிறுத்தியது. நைட்ரேட் மட்டுமே நைட்ரஜனாக இருந்த ஊடகத்தில், இருட்டில், செப்பு சற்றுக் கூடியபோது செல்கள் சிவந்தன. இதை வைத்து மிட்சுய் பெட்ரோகெமிக்கல் நிறுவனம் இரண்டு தொட்டி அமைத்தது. முதல் தொட்டியில் செல் பெருகும். பிறகு ஊடகத்தை மாற்றி, 750 லிட்டர் தொட்டியில் ஷிகோனின் விளையும். 1983ல் உற்பத்தி தொடங்கியது. பல ஆண்டு வளர்ந்த வேரில் ஓரிரு சதவீதம் இருந்த பொருள், சில வாரச் செல்லின் உலர் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டியது. ஒரு சிறு உப்பை நீக்கியதால் இத்தனை தூரம் போக முடிந்தது என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

உங்கள் செடிக்கும் இதே முறையில் தேடுங்கள். பெருக்கும் ஊடகத்தில் செல் உச்சத்தை நெருங்கும்போது வடித்து, விளைவிக்கும் ஊடகத்துக்கு மாற்றுங்கள். அந்த ஊடகத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியவை: 2,4-டியை நீக்குவது, அம்மோனியத்தைக் குறைத்து நைட்ரேட்டைக் கூட்டுவது, பாஸ்பேட்டைக் குறைப்பது, சுக்ரோஸை 5 அல்லது 6 சதவீதமாக்குவது, வெளிச்சம் கொடுப்பது அல்லது தடுப்பது.

அதன்மேல் தூண்டி. செல்லை ஏமாற்றி, பூச்சி கடித்துவிட்டது என்று நம்பவைப்பதுதான் தூண்டியின் வேலை. மெத்தில் ஜாஸ்மோனேட் 50 முதல் 200 மைக்ரோமோலார், சாலிசிலிக் அமிலம் ஏறக்குறைய அதே வரம்பில், கைட்டோசான், ஈஸ்ட் சாறு, கொன்ற பூஞ்சையின் சாறு. இவற்றில் ஜாஸ்மோனேட்டுக்கு முதலிடம். யூ மரச் செல்களில் பாக்லிடாக்சலைக் கூட்டியதில் அதன் பங்கு பெரியது.

தூண்டியில் அளவைவிட நேரமே முக்கியம். பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குச் சீக்கிரம் கொடுத்தால் வளர்ச்சி நின்றுபோகும். வளர்ச்சி முடிந்து வெகுநாள் ஆன செல்லுக்குக் கொடுத்தால் எழுந்து வேலை செய்யத் தெம்பு இருக்காது. வேகமான வளர்ச்சி முடியும் தறுவாயில் கொடுங்கள், 24, 48, 72, 96 மணி நேரங்களில் அளங்கள். செல் பழுப்பாவது இயல்பு, இறந்துவிட்டதா என்று ஈவான்ஸ் ப்ளூவில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாஸ்மோனேட்டை எத்தனாலில் கரைக்கிறீர்கள் என்றால், வெறும் எத்தனால் மட்டும் அதே அளவு சேர்த்த குடுவையும் கட்டாயம் வேண்டும். எத்தனாலே சில செல்களைத் தூண்டிவிடும்.

பாதையின் முந்தைய மூலக்கூறை ஊட்டுவதும் உண்டு. ரோஸ்மரினிக் அமிலத்துக்கு ஃபீனைல்அலனின் ஓர் எடுத்துக்காட்டு. பாதை எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால் மட்டுமே இது பயன் தரும்.

படி 7: வேர் வழி

பொருள் வேரில் உருவாகிறது என்றால் நான் செல் வளர்ப்பில் நேரம் செலவிட மாட்டேன். நேரே மயிர்வேருக்குப் போவேன். மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற பாக்டீரியா, காயம்பட்ட செடிக்குள் தன் ஆர்.ஐ. பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தின் ஒரு பகுதியைச் செலுத்துகிறது. அதிலுள்ள ரோல் மரபணுக்கள் செல்லை வேராகத் திருப்பிவிடும். அந்த வேர் ஹார்மோனே இல்லாத ஊடகத்தில் கிளைத்துக் கிளைத்து வளரும். மரபியல்ரீதியாக நிலையானது, ஆண்டுக்கணக்கில் அதே அளவு விளைவிக்கும் வரிகளும் கிடைக்கும்.

குடுவையில் வளர்ந்த நாற்றின் இலையை எடுங்கள். ஏ4 அல்லது 15834 போன்ற ஒரு வகை பாக்டீரியாவை ஓர் இரவு வளர்த்து, அதில் நனைத்த ஊசியால் நடு நரம்பைக் குத்துங்கள். மரபணு நுழைவதைத் தூண்டும் அசிட்டோசிரிங்கோன் 100 மைக்ரோமோலார் சேர்த்த தட்டில், இருட்டில் இரண்டு நாள். பிறகு கழுவி, பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்சைம் லிட்டருக்கு 500 மி.கி. உள்ள தட்டுக்கு மாற்றுங்கள். ஒன்று முதல் நான்கு வாரத்தில் குத்திய இடத்திலிருந்து வேர் வரும். சாதாரண வேர் பூமியை நோக்கி இறங்கும். இது எந்தத் திசையும் பாராமல், பஞ்சுமாதிரி மெல்லிய ரோமம் அடர்ந்து, தட்டை விட்டு மேலேகூட எழும்.

ஒவ்வொரு வேர் நுனியும் தனி நுழைவின் விளைவு, ஆகவே தனி வரி. 2 முதல் 3 செ.மீ. நுனியை வெட்டித் தனித்தனி எண் கொடுங்கள். செஃபோடாக்சைமை ஒவ்வொரு மாற்றத்திலும் குறைத்து, கடைசியில் இல்லாமலாக்குங்கள். பி.சி.ஆர். என்ற டி.என்.ஏ. சோதனையில் ரோல் பி மரபணு இருப்பதையும், பாக்டீரியாவிலேயே தங்கும் வி.ஐ.ஆர். டி2 மரபணு இல்லாததையும் பார்த்துவிடுங்கள். முன்னது மரபணு நுழைந்ததற்கும், பின்னது பாக்டீரியா ஒழிந்ததற்கும் அடையாளம். மரபணு மாற்றம் என்பதால் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது அவசியம்.

மரபணு மாற்றம் வேண்டாம் என்றால் ஐ.பி.ஏ. என்ற ஆக்சினைக் கொடுத்து எடுக்கும் வேற்றிட வேர்களையே திரவத்தில் வளர்க்கலாம். ஜின்செங் வேரைப் பெரிய கலன்களில் வளர்ப்பது இப்படித்தான்.

தளிர் வழி இதைவிட எளிது. நீர்ப்பிரம்மி போன்ற செடி குறைந்த பி.ஏ.பி.யிலேயே கொத்துக்கொத்தாகத் தளிர் விடும். முழுநேரமும் திரவத்தில் மூழ்கியிருந்தால் இலை கண்ணாடிபோல் ஊதிப்போகும், ஆகவே விட்டுவிட்டு நனையும் தற்காலிக மூழ்கு கலன் வசதியானது.

படி 8: எடுப்பது, அளப்பது, கணக்குப் போடுவது

செல்லை வடித்து, கழுவி, உறையவைத்து உலர்த்துங்கள், அல்லது 40 முதல் 50 டிகிரியில் எடை நிலைக்கும்வரை உலர்த்துங்கள். பொடித்து, மெத்தனாலில் மூன்று முறை சோனிக்கேட்டர் என்ற ஒலியலைக் கருவியில் பிரித்து, சேர்த்து, வற்றவைத்து, மீண்டும் கரைத்து 0.45 அல்லது 0.22 மைக்ரோமீட்டரில் வடித்து எச்.பி.எல்.சி.யில் ஏற்றுங்கள். தூய மாதிரிப் பொருளின் கோடு உங்கள் கையில் இருக்க வேண்டும். நேரம் ஒத்துப்போவது மட்டும் போதாது, முதல் முறையாவது மூலக்கூறின் நிறையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ராவில் உறுதிசெய்யுங்கள். ஊடகத்தையும் கொட்டிவிடாமல் அளங்கள். ஓஃபியோரைசா என்ற செடியின் மயிர்வேர், புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமான காம்ப்டோதெசினை ஊடகத்துக்குள்ளேயே வெளியேற்றுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஊடகத்தைக் கொட்டுவது விளைச்சலைக் கொட்டுவது.

பாக்லிடாக்சல், காம்ப்டோதெசின், வின்கா அல்கலாய்டுகள் செல்லைக் கொல்லும் பொருள்கள். டிரோபேன் அல்கலாய்டுகள் மிகச் சிறிய அளவிலேயே நச்சு. கையுறை, கண்ணாடி, ஃபியூம் ஹுட் இல்லாமல் உலர்ந்த பொடியைத் தொட வேண்டாம். ஆய்வகச் சாறு மருந்து அல்ல, யாரும் அதை உட்கொள்ளக் கூடாது.

கணக்கில் ஏமாறுவது சுலபம். ஒரு வளர்ப்பில் லிட்டருக்கு 12 கிராம் உலர் செல், ஒவ்வொரு கிராமிலும் 4 மி.கி. பொருள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 48 மி.கி. தூண்டி கொடுத்ததும் உலர் செல் 9 கிராமாகக் குறைகிறது, கிராமுக்குப் பொருள் 11 மி.கி. ஆகிறது. இப்போது லிட்டருக்கு 99 மி.கி. முதல் வளர்ப்பு 14 நாள், இரண்டாவது 18 நாள் என்றால் நாளொன்றுக்கு முறையே 3.4, 5.5 மி.கி. லாபம்தான், ஆனால் கிராம் கணக்கில் பார்த்த 2.75 மடங்கு லாபம் அல்ல, 1.6 மடங்கு. எப்போதும் லிட்டருக்கு, நாளுக்கு எவ்வளவு என்றே பேசுங்கள்.

படி 9: பெரிய கலன்

யூ மரத்தின் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், பட்டையில் பாக்லிடாக்சலும் அற்பம். 1992ல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றபோது இந்தச் சிக்கல் பெரிதாக நின்றது. பிறகு யூ செல்களை 75,000 லிட்டர் வரையிலான கலன்களில் வளர்க்கும் நிலை வந்தது, அந்த முறைக்கு 2004ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது. ஆகவே தாவரச் செல்லைப் பெரிதாக வளர்க்க முடியாது என்பது சரியல்ல. ஃபிளாஸ்க்கிலிருந்து நேரே தாவினால்தான் முடியாது.

தாவரச் செல் பெரியது, சுவர் விறைப்பானது, பாக்டீரியாவை அடிப்பதுபோல் வேகமாகக் கலக்கினால் உடைந்துபோகும். காற்றுக் குமிழியே கலக்கும் ஏர்லிஃப்ட் கலன், அல்லது அகலமான தகடு மெதுவாகச் சுழலும் கலன் பாதுகாப்பானது. அடர்த்தி ஏறும்போது குழம்பு கெட்டியாகி ஆக்சிஜன் எட்டாது. காற்றை மிகைப்படுத்தினாலோ, கார்பன் டைஆக்சைடும் எத்திலீனும் அடித்துக்கொண்டு போய் வளர்ச்சி குறையும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் செல்லுக்கான இடத்தை 2 லிட்டர், 5 லிட்டர் கலன்களிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். மயிர்வேருக்குக் கலக்கியே கூடாது, வலையில் பற்றி வளரவிட்டு ஊடகத்தைத் தூவலாகவோ குமிழியாகவோ செலுத்த வேண்டும்.

பொருள் வெளியே கசிகிறது என்றால் எக்ஸ்.ஏ.டி. 7 போன்ற ரெசினை ஊடகத்தில் போடுங்கள். அது பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுற்றிலும் அளவு குறைவதால் செல் இன்னும் வெளியேற்றும், பிரித்தெடுப்பதும் சுலபம்.

படி 10: வரியைக் காப்பது

நல்ல வரி கிடைத்த அன்றே இதைச் செய்யுங்கள், பிறகு என்று தள்ளாதீர்கள். மாற்றிக்கொண்டே இருக்கும் செல் வரிசை மெல்ல மாறும். வேகமாகப் பெருகும் செல் முந்திக்கொள்ளும், விளைவிக்கும் செல் பின்தங்கும். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் அதே எண் ஒட்டிய குடுவையில் வேறு செல்கள் இருக்கும்.

நிறுத்தி வைக்க ஒரே உறுதியான வழி திரவ நைட்ரஜன். வேகமாக வளரும் கட்டத்துச் செல்லை எடுத்து, டி.எம்.எஸ்.ஓ., கிளிசரால், சுக்ரோஸ் கலந்த காப்புக் கரைசலில் குளிரவைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மைனஸ் 40 வரை இறக்கி, பிறகு மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனுக்குள் போடுங்கள். எடுக்கும்போது 40 டிகிரி வெந்நீரில் சடாரென்று உருக்கி, கழுவாமல் திட ஊடகத்தின்மேல் பரப்ப வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பத்துக் குழாயாவது வையுங்கள். வைத்த மாதமே ஒரு குழாயை எடுத்து உருக்கி, வளர்த்து, பொருளை அளங்கள். முன்பு இருந்த அளவு திரும்பி வந்தால்தான் அந்த வரி உங்கள் கையில் இருக்கிறது.